நான்கு பேர் வேண்டும்

பெங்களூரில் அமெச்சூர் நாடகக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூர் லிட்டில் தியேட்டர் 1960இலிருந்து இயங்குகிறது. 2004இல் ஜே.பி. நகரில் ரங்க சங்கரா திறந்தபின் சிறிய குழுக்களுக்கும் ஒரு நல்ல மேடை வாய்த்தது. (தாமதமாகப் போனால் அங்கே உள்ளே விடமாட்டார்கள், சில்க் போர்டு நெரிசலைச் சொன்னாலும்தான்.) பகலில் அலுவலகம், இரவில் ஒத்திகை என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் நாடகம் போடுகிறார்கள். தமிழர்களாகிய நாம்? சென்னை சபாக் குழு வந்தால் பார்க்கிறோம், சிரிக்கிறோம், வீடு திரும்புகிறோம்.

ஒரு நாடகத்தைச் சிபாரிசு செய்கிறோம்: மார்ட்டின் மெக்டோனாவின் ‘தி பியூட்டி குயின் ஆஃப் லீனான்’. 1996 பிப்ரவரியில் கால்வே நகரில் ட்ரூயிட் குழு முதலில் மேடையேற்றியது. கதை நடப்பது அயர்லாந்தின் மேற்கே, கன்னிமாராப் பகுதியில். (சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்த ஆளுநரின் பட்டமும் இந்தச் சீமையிலிருந்து வந்ததுதான்.) ஒரே சமையலறை, நான்கே பாத்திரங்கள். மாக், எழுபது வயதுத் தாய். அவளைப் பார்த்துக்கொள்ள மாட்டிக்கொண்ட மகள் மோரீனுக்கு நாற்பது, மணமாகவில்லை. மற்ற இரண்டு மகள்களும் கல்யாணமாகித் தப்பித்துவிட்டார்கள். கிழவி நாற்காலியை விட்டு எழாமல் காம்ப்ளான் கேட்கிறாள், கொடுத்தால் கட்டி தட்டியிருக்கிறது என்கிறாள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே காம்ப்ளான்தான். லண்டனில் கட்டட வேலை பார்க்கும் பாட்டோ ஊருக்கு வருகிறான், மோரீனைச் சந்திக்கிறான், பிறகு ஒரு கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதம் கிழவி கையில் சிக்குகிறது. மீதியை மேடையில் பார்க்க வேண்டும். சபா ரசிகர்கள் பயப்பட வேண்டாம், சிரிக்க நிறைய இருக்கிறது. எதற்குச் சிரித்தோம் என்பது பிறகுதான் உறுத்தும்.

இதை ஆங்கிலத்திலேயே போடுகிறவர்கள் ஐரிஷ் உச்சரிப்பைப் பிடிக்கப் பாதி ஒத்திகையைச் செலவழிப்பது வீண். மெக்டோனாவே லண்டனில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோரின் ஊர்ப் பேச்சை எடுத்து முறுக்கித் தனக்கென ஒரு பாஷை செய்துகொண்டார். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பிறந்து, கோடை விடுமுறைக்கு ஆம்பூருக்கோ தர்மபுரிக்கோ போய்வந்த பிள்ளைகளிடம் அப்படியொரு தமிழ் இருக்கிறது. கன்னடமும் உருதும் ஏறிய அந்தத் தமிழை இதுவரை மேடையில் கிண்டலுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறோம்.

அமெச்சூர்தானே என்று தயங்க வேண்டாம். அயர்லாந்திலும் டப்ளினின் அபே அரங்கம் மட்டுமே நாடகத்தை வளர்க்கவில்லை. சிற்றூர்களின் அமெச்சூர் குழுக்கள், 1953இல் தொடங்கிய அத்லோன் நாடக விழாவுக்காக ஆண்டெல்லாம் உழைக்கின்றன.

தமிழில் போடுவதென்றால் மொழிபெயர்ப்பு உரிமையை எழுத்தில் வாங்க வேண்டும். அதற்குப் பணமும் பொறுமையும் தேவை. கிழவி வேடத்துக்காக இளம்பெண்ணின் தலையில் பவுடர் கொட்டாதீர்கள், நம் அம்மாக்களில் ஒருவரைக் கேளுங்கள். நடிக்க விரும்புகிறவர்கள் இதழுக்கு எழுதுங்கள்.