கைமாற்று வேலையில் யார் சேர்த்தி?

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர் வெகுவாக வற்றும் காலங்களில் பழைய தெல்தெனியா நகரின் கட்டட எச்சங்கள் வெளியே தெரியும். 1985இல் அணை திறக்கப்படுவதற்கு முன்னர் அந்நகரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழுப்பப்பட்டன. சிலர் அருகிலுள்ள மேட்டு நிலங்களுக்கும், பலர் மகாவலி 'சி' வலயத்துக்கும் சென்றனர். மகாவலியில் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுத் தோட்டமும் கிடைத்தன. இழந்த காணிக்கும் வீட்டுக்கும் நட்டஈடு கணக்கிட்டார்கள். நாற்று நடும் நாளில் கூப்பிட்ட குரலுக்கு வரும் பத்து வீடுகளை இழந்ததற்கு எந்தப் படிவத்திலும் இடமிருக்கவில்லை. இடம்பெயர்ந்து வாழும் எமது வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பத்து வீடுகளைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம். கண்டிச் சிங்களக் கிராமங்களில் இந்தக் கைமாற்று வேலைக்கு 'அத்தம்' என்று பெயர். இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. காசு கிடையாது, சாப்பாடு வயல்காரர் வீட்டில். கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எவரும் மறப்பதுமில்லை. வாங்கிய நாளைத் திருப்பிக் கொடாதவர் அடுத்த போகத்தில் தனியே நிற்பார். கூலியாளும் உழவு இயந்திரமும் வந்தபின் இவ்வழக்கம் மெலிந்துவிட்டது.

ஆனால் யாரைக் கூப்பிட்டார்கள்? உறவினரை, ஒரே சாதியாரை, ஒரே ஊராரை. வயலுக்கு மேலே மலைச்சரிவில், தோட்டத்து லயன்களில் இருந்த தமிழரைக் கூப்பிடவில்லை. மொழி வேறு, பழக்கவழக்கம் வேறு என்று காரணம் சொல்வார்கள். எமக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. லயத்துத் தொழிலாளிக்கு வயல் இல்லை. அவர் வந்து உழைத்தால் அந்த நாளை எந்த நிலத்தில் திருப்பிக் கொடுப்பது? அவருடைய நாளும் அவருடையதல்ல. காலைப் பெரட்டில் செக்ரோலில் பெயர் விழுந்ததும் அது தோட்டத்துக்குரியது. கொடுக்கல் வாங்கலுக்கு வழியில்லாமல் வெளியே நின்றவரைக் காலப்போக்கில் 'அவர்கள் வேறு மாதிரி' என்று ஊர் பேசத் தொடங்கியது. பிறகு அதுவே வழக்கமாயிற்று.

இந்த நிலமின்மை தானாக வந்ததல்ல. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கண்டிக் கிராமங்களின் காடும் சேனையும் முடிக்குரியனவாக்கப்பட்டுத் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. முதலில் கோப்பி, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியது தேயிலை. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையும் மறுத்தது. கிராமத்தவர் தம் மேட்டுக் காணி போன கோபத்தை லயத்தின்மீது காட்டினார். காணியை எடுத்தது லயம் அல்லவே! 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின்னரும், 1977 வன்செயலுக்குப் பின்னரும் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் பலர்.

சேர்ந்து உழைப்பவர்கள் சமமானவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. கண்டி எசல பெரஹராவைப் பாருங்கள். மேளம் அடிப்பவர், பந்தம் பிடிப்பவர், ஆடுபவர் என எத்தனையோ பேர் பிசகாமல் ஒத்துழைக்கின்றனர். பழைய இராஜகாரிய முறையில் அந்தந்தச் சாதிக்கு விதித்த கடமைகள் அவை. அரசுக்கான இராஜகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டும் விகாரை, தேவாலயக் காணிகளோடு கட்டிய ஊழியம் தொடர்ந்தது. ஊர்வலத்தில் வரும் பத்தினி தெய்வம் எமது கண்ணகிதான். கதிர்காமத் தெய்வம் எமது முருகன்தான். தெய்வங்கள் பொதுவாயிருந்தும் வயலில் ஆள் பொதுவாகவில்லை. எம்மவர் பக்கமும் சுத்தமில்லை. தோட்டத்துத் திருவிழாவில் தப்பு இல்லாமல் சாமி புறப்படாது. தப்படித்தவருக்குப் பந்தியில் எங்கே இடம் கொடுத்தோம் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும்.

இவையெல்லாம் மாறாதவை என்பாருக்கு நாம் கிழக்கே கல்லோயாவைக் காட்டுவோம். 1956இல் அக்குடியேற்றத்தில் தமிழர் கொல்லப்பட்டனர். அதே கல்லோயாவின் இடதுகரையில் 1981 முதல் இளம் ஊக்குவிப்பாளர்கள் வீடு வீடாகப் போய் விவசாயிகளோடு பேசினர். சங்கம், தலைவர் என்று தொடங்கவில்லை; முதலில் வாய்க்கால் துப்புரவு, அதன்பின் முறைவைத்துத் தண்ணீர். மேல்மடைச் சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்த நீர் கடைமடைத் தமிழர் வயலுக்கும் போனது. பின்னாளில், 2009இல், நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் தமது 1990ஆம் ஆண்டு நூலில் கல்லோயாவையும் ஆராய்ந்திருக்கிறார்.

சந்தையில் பழகினால் போதும் என்போரும் உளர். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாப் பகுதியிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. அக்கடைகளில் நெடுநாள் சாமான் வாங்கிய ஊர்கள்தாம் சுற்றிலும் இருந்தன. சாமானுக்குக் காசு கொடுத்ததும் உறவு தீர்ந்துவிடுகிறது. அத்தத்தில் அப்படித் தீர்வதில்லை.

எனவே குடியேற்றங்களில் உள்ளோர் மரண உதவிச் சங்கத்திலிருந்து தொடங்கலாம் என்பது எமது கருத்து. கூடாரமும் கதிரையும் சாவு வீட்டுக்கு ஆளும் தரும் சங்கம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. எல்லாரும் ஒருநாள் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடன் அது. அடுத்த கூட்டத்தில் அங்கத்தவர் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் எந்த வீட்டின் பெயர் அதில் இல்லை? கூட்ட அறிக்கை எந்த மொழியில் வாசிக்கப்படுகிறது?