‘நிச்சயமில்லை’ என்றால் நோயில்லையா?

மட்டாஞ்சேரி மிளகு, சுக்குக் கிடங்குகளில் உழைக்கும் நம்மவர் ஒருவருக்கு ஓயாத வயிற்றுவலி, பேதி, உடல் மெலிவு. குழாய் விட்டுக் குடலைப் பார்த்தும், “நிச்சயமாகச் சொல்வதற்கில்லை” என்றே ரிப்போர்ட் வருகிறது. உடனே சிலர் நோயில்லை என்று இருந்துவிடுகிறார்கள். சிலர் ரயிலேறி ஊரில் எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிக்கிறார்கள். இரண்டுமே தவறு.

1932-ல் அமெரிக்க டாக்டர் கிரோனும் சகாக்களும் விவரித்த குடல் அழற்சியும், நம் நாட்டுக் குடல் காசமும் பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் ஒரேமாதிரிப் புண்ணை உண்டாக்குபவை. சதைத்துணுக்கிலும் காசக்கிருமி பல சமயம் அகப்படாது. அழற்சி என்றெண்ணி ஸ்டீராய்டு கொடுத்து, இருப்பது காசமாயின் ஆபத்து. ஆகவே சிலருக்கு இரண்டு மூன்று மாதம் காச மருந்து கொடுத்து மீண்டும் குடலைப் பார்க்கிறார்கள். புண் ஆறியிருந்தால் பெரும்பாலும் காசம். ஆறாவிடில் கிரோன் நோயின் சந்தேகம் வலுக்கும். இங்கே மருந்தே ஒரு சோதனை.

அதை நடுவில் நிறுத்தினால் பதிலும் கிடைக்காது, நோயும் முற்றும். காச மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஒருநாள் கூலி போனாலும் மறு பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஊருக்கே போனாலும் பழைய ரிப்போர்ட்டுகள் கையோடு போகட்டும்.