ஆளில்லாத அருவிகள்

நம் சிற்றிதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் ஒரு வகைக் கட்டுரை பல்கிப் பெருகிவிட்டது. அதற்கு 'அருவிக் கட்டுரை' என்று பெயர் வைக்கலாம். எழுதுபவர் வெள்ளிக்கிழமை இரவு நகரத்திலிருந்து புறப்படுவார். விடியலில் மலையடிவாரம். பிறகு சோலைக்காடு, அட்டைக்கடி, மூச்சிரைப்பு, வழுக்குப் பாறை. மலையிடுக்கின் ஒரு திருப்பத்தில் அருவி. அங்கே எழுத்தாளரின் 'தான்' கரைந்துபோகும். கபிலர் பெயர் ஒருமுறை உச்சரிக்கப்படும். ஞாயிறு இரவு பேருந்து. திங்கள் காலையில் கரைந்துபோன 'தான்' பழுதின்றித் திரும்பி வந்து கட்டுரையை எழுதி அனுப்பிவிடும்.

நடப்பதையோ மலையை நேசிப்பதையோ நான் எள்ளவில்லை. என் குற்றச்சாட்டு வேறு. இக்கட்டுரைகளின் மலைகளில் ஆட்களே இல்லை. அருவியில் விழும் நீருக்கு, விழுந்தபின் போக்கிடமும் இல்லை. மனிதரையும் கழித்து, கீழ்நிலத்தையும் கழித்து, எஞ்சிய காட்சிக்குக் 'குறிஞ்சி' என்று பெயர் சூட்டுகிறோம். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அங்கேதான் எரிச்சல் மூள்கிறது.

தொல்காப்பியம் கருப்பொருளைச் சொல்லும்போது விலங்கையும் மரத்தையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. உணவையும் தொழிலையும் சேர்த்தே சொன்னது. தினை விளையாத, கிளி ஓட்டப்படாத, தேன் எடுக்கப்படாத வெற்று மலை நம் மரபில் நிலமே அன்று. அகப்பாடல்களில் மலைவழி வரும் இடங்களைப் பாருங்கள். இரவுக்குறிக்கு வரும் தலைவனிடம் தோழி அருவியின் அழகையா பேசுகிறாள்? வழியின் ஏதத்தைச் சொல்லி, "இப்படி வராதே, மணந்துகொள்" என்கிறாள். யானையும் பாம்பும் புலியும் காட்டாற்று வெள்ளமும் உள்ள வழி அது. மலைநடை பற்றிய நம் பழைய இலக்கியக் குரல்களில் ஒன்று, வழியறிந்த பெண்ணொருத்தியின் எச்சரிக்கை. அதை இயற்கை வழிபாடாகப் படிக்க நாம் எப்போது கற்றுக்கொண்டோம்?

மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்வோம். 583 அடிகள். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்தது. வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்கள் தூங்காத பகுதி ஒன்று உண்டென்றால், அது வழிக்குறிப்புப் பகுதிதான். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், விடிந்தபின் போங்கள்; பாம்புகள் கிடக்கும் குழிகளைக் கவனியுங்கள்; புனம் காப்போர் எறியும் கவண்கற்களுக்கு ஒதுங்குங்கள்; வழுக்குமிடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். வழி தவறினால் என்ன செய்வது? அகன்ற பாறையில் ஒன்றுகூடி உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள் என்கிறான். அருவி ஒலிக்கும் அந்த மலையின் உச்சியில் காடு காத்து வாழும் கானவர் அதைக் கேட்டு, நீரில் மூழ்குவோரின் கூக்குரலுக்கு ஓடுவதைப் போல விரைந்து வந்து, பழம் கொடுத்து வழியும் காட்டுவார்களாம்.

அந்நூலின் பெயரே மலையின் ஓசைகளைக் குறித்தது. அவ்வோசைகளின் பட்டியல் அருவியில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. முள்ளம்பன்றியின் முள் தைத்த கானவரின் அழுகை அடுத்துக் கேட்கிறது. புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் மார்புப் புண் ஆறுவதற்காகக் கொடிச்சியர் பாடும் பாட்டு கேட்கிறது. நம் கட்டுரையாளர்களின் செவிக்கு அருவி மட்டும்தான் கேட்கிறது. (அதையும் 'நீர்வீழ்ச்சி' என்று எழுதுகிறார்கள். 'வாட்டர்ஃபால்' என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அருவி என்று ஒரு சொல் ஈராயிரம் ஆண்டுகளாகச் சும்மாவே கிடக்கிறது.)

நம் மாவட்டத்து உதாரணத்துக்கு வருகிறேன். கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து கீழிறங்கினால் வெள்ளகவி. அங்கிருந்து கும்பக்கரை வரை இறங்கலாம். மலையேற்றக்காரர்களுக்கு மிகவும் உவப்பான தடம் இது. எதிரே தலையாறு அருவி வால்போலத் தொங்கும். 1821இல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் வெள்ளகவி வழியாகவே மேலேறினார். கொடைக்கானலின் 'கண்டுபிடிப்பு' அன்று தொடங்குவதாக எழுதுவது வழக்கம். அவர் தங்கி ஏறிய ஊர் அதற்கும் முன்பே அங்கே இருந்தது என்பது அந்த வரலாற்றில் அடிக்குறிப்புக்கும் கீழே. மலைச்சாலை வருமுன் கோடை வாசத்துக்கு வந்த துரைமார் பலர் நடந்து ஏறவில்லை. டோலியில், கூலியாட்களின் தோளில் ஏறினார்கள்.

வெள்ளகவியைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும் செய்தி, ஊருக்குள் செருப்பணியக் கூடாது என்பது. அழகான செய்திதான். அவ்வூர் மக்கள் நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்கான பெண்களையும் நெடுங்காலம் டோலி கட்டித் தூக்கி வந்தது இதே தடத்தில்தான் என்பது ஏனோ கட்டுரைகளில் வருவதில்லை. நமக்கு 'அனுபவம்' தரும் செங்குத்து இறக்கம், அவர்களுக்கு மருத்துவமனை எத்தனை மணிநேரத் தொலைவு என்ற கணக்கு. ஒரே வழி. அதில் நம் மூச்சிரைப்பு இலக்கியமாகிறது. அவர்கள் மூச்சிரைப்பு மனுவாகிறது.

இனி நீரின் போக்கிடம். தாண்டிக்குடி மலைப்பகுதியில் பெரும்பாறைக்கு அருகே இருக்கிறது புல்லாவெளி அருவி. 2022 ஆகஸ்டில் பாறை விளிம்பில் படத்துக்காக நின்ற ஓர் இளைஞர் வழுக்கி விழுந்து மடிந்த காணொளி நாடெங்கும் பரவியதால் அதன் பெயர் பலருக்குத் தெரிந்தது. குஜிலியம்பாறைப் பக்கத்தில் இருக்கும் எனக்கோ அந்த அருவிக்கு வேறொரு பெயர் உண்டு: குடகனாறு. புல்லாவெளியில் விழும் நீர்தான் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்துக்கு வந்து, திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர் வழியாக அழகாபுரி அணையைத் தொட்டுக் கரூர்ப் பக்கம் அமராவதியில் சேரவேண்டிய ஆறு. சேரவேண்டிய என்றுதான் சொல்ல முடியும். ராஜவாய்க்காலுக்கா, குடகனாற்றுக்கா என்று மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் நடந்த தகராற்றில் உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு இந்த ஆற்றை என்ன செய்தது என்பது தனிக்கதை. எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட வருபவர் ஆயிரம் அடிக்குக் குறைத்துப் பேசுவதில்லை. புல்லாவெளியின் 'வெண்துகில்' பற்றி எழுதுபவர் அந்தத் துகிலின் கீழ்நுனி எங்கே கிழிந்து கிடக்கிறதென்று ஒரு வரி எழுதினால் அழகுணர்ச்சி கெட்டுவிடுமா?

நண்பர்கள் சிலர் இப்போது வேறொரு புலம்பலைத் தொடங்கியிருக்கிறார்கள். காட்டில் நடக்க அனுமதிச்சீட்டு எதற்கு, வழிகாட்டி எதற்கு, அரசு இயற்கையையும் கடையில் வைத்துவிட்டதே என்கிறார்கள். குரங்கணியை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டார்களா? 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே உலர்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்தபோது அதில் சிக்கி, அன்றும் அதன்பின் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். மீட்புப் படைகள் வருமுன் உள்ளூர் மக்கள் ஏறிச்சென்று, காயம்பட்டவர்களைப் போர்வைகளில் தூக்கி இறக்கினார்கள். மலைபடுகடாத்துக் கானவர் வந்ததைப் போலவே வந்தார்கள். அதன்பிறகே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்து, பழங்குடி இளைஞர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தும் திட்டமும் தொடங்கியது. கட்டணம் கூடுதல் என்று குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் வழிகாட்டியோடு போவது சுதந்திரத்தின் இழப்பு என்று சொல்பவர், மலை யாருமற்றது என்று நம்புகிறவர்.

என் குறை வேறு பக்கத்திலிருந்து. காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கும் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை காரணமாக உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. தடை நீங்கிய எட்டே ஆண்டில் நமக்கு 40 தடங்கள் இணையவழி முன்பதிவோடு கிடைத்துவிட்டன. தேனும் கிழங்கும் எடுக்கப் பளியர் நடந்த தடத்துக்கு உரிமை மனு, சான்று, கூட்டம், காத்திருப்பு. நமக்கோ கைப்பேசியில் ஒரு சீட்டு. வழிகாட்டிக்குச் சீருடையும் கூலியும் கிடைப்பது நல்லது. தான் பிறந்த காட்டில் அவர் பணியாளராக மட்டும் அறியப்படுவது எவ்வகையில் நல்லது? அனுமதிச்சீட்டைச் சாடிப் பத்தி பத்தியாக எழுதும் நம்மவர் இதைப் பற்றி ஒரு பத்தியும் எழுதியதாக நான் கண்டதில்லை. அவர்கள் கட்டுரைகளில் அவர் 'உள்ளூர்க்காரர் ஒருவர்'. தாவரத்துக்கு அறிவியற்பெயர் உண்டு, பறவைக்கு உண்டு. அவருக்குப் பெயர் இல்லை.

அப்படியானால் சமவெளிக்காரன் மலையைப் பற்றி எழுதவே கூடாதா என்று கேட்பார்கள். கேட்கட்டும். மலைபடுகடாத்துக் கூத்தரும் வெளியாட்கள்தாம். பரிசில் தேடிப் போனவர்கள், மலையில் பிறந்தவர்களல்லர். ஆனால் முன்னே போய்வந்தவன் அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறான்: சீறூர்களில் நுழையும்போது நாங்கள் நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், உறவினர் வீட்டுக்குப் போவதுபோல் போங்கள், ஊனும் தினைச்சோறும் தருவார்கள். யார் வீட்டில் நுழைகிறோம், நம்மை என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது, அவர்கள் தருவது என்ன என்று எல்லாம் அந்த வழிக்குறிப்பில் இருக்கிறது. அருவி வழியில் வருகிறது. அவர்கள் அதைப் பார்த்துவிட்டு நடக்கிறார்கள்.