ஒரு பொத்தான், இரண்டு கேள்விகள்

ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஐந்து மாதங்களில் வந்து சேர்ந்த 1,01,281 பின்னூட்டங்களை வைத்து மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பின்னூட்டம் பதிவான கையோடு, சிலவற்றுக்கு ஓர் ஆதரவு வாக்கு போட்டார்கள். வேறு சிலவற்றுக்கு ஓர் எதிர்வாக்கு. மற்றவற்றைத் தொடவில்லை. எதற்கு எந்த வாக்கு என்பதைத் தீர்மானித்தது குலுக்கல்தான். எழுதியவர் யார், எழுதியது சரியா தவறா என்று பார்க்கவே இல்லை.

லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் ஆகிய அந்த மூவரின் முடிவுகள் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன. போலி ஆதரவு வாக்கு விழுந்த பின்னூட்டத்தைப் பார்த்த முதல் வாசகர், தானும் ஆதரவு வாக்கு போடும் வாய்ப்பு 32% கூடியிருந்தது. கடைசிக் கணக்கில் அந்தப் பின்னூட்டங்களின் மதிப்பெண் சராசரியாக 25% உயர்ந்து நின்றது. போலி எதிர்வாக்கை மட்டும் பின்னால் வந்தவர்கள் ஆதரவு வாக்கு போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். காரணமில்லாமல் ஒருவரைக் குறைத்தால் நமக்கு உறுத்துகிறது. காரணமில்லாமல் ஏற்றிவிட்டால் உறுத்துவதில்லை.

இணைய விவாதத்தில் ஒரு கருத்தின் ஓரம் நிற்கும் எண்ணை நாம் தராசு முள்ளாக நினைக்கிறோம். ஆனால், அந்த முள் அசைவதைப் பார்த்துத்தான் அடுத்தவர் தட்டில் கல்லை வைக்கிறார்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று

2005-இல் தொடங்கிய ரெட்டிட் தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் மேல்நோக்கி ஓர் அம்பு, கீழ்நோக்கி ஓர் அம்பு. விவாதத்துக்கு உதவுகிறதா என்று பார்த்து வாக்களியுங்கள், உடன்பாடு இல்லை என்பதற்காகக் கீழே தள்ளாதீர்கள் என்பது அங்கே பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் நடத்தை நெறி. ஆனால் அம்பில் அது எழுதியிருப்பதில்லை. ‘இது படிக்கத் தக்கதா?’ என்று தளம் கேட்கிறது. ‘இது எனக்குப் பிடித்திருக்கிறதா?’ என்ற கேள்விக்கு வாசகர் பதில் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டும் ஒரே எண்ணில் போய்க் கலந்துவிடுகின்றன.

இந்தக் குழப்பத்தின் உச்சம் 2017 நவம்பரில் நடந்தது. ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’ என்ற விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கிய பிறகும், முக்கியக் கதாபாத்திரங்களைத் திறக்க மணிக்கணக்கில் ஆட வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் ரெட்டிட்டில் குமுறினார். தயாரிப்பு நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கணக்கிலிருந்து அதற்கு ஒரு விளக்கம் வந்தது. அந்த விளக்கத்துக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் எதிர்வாக்குகள் விழுந்தன. சில நாட்களில், உண்மைப் பணம் கொடுத்து விளையாட்டுக்குள் பொருள் வாங்கும் வசதியை நிறுவனம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

போராட்டம் என்ற அளவில் வெற்றிதான். ஆனால் தளத்தின் ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் மிகவும் சரிந்த பின்னூட்டத்தை மடித்து மறைத்துவைப்பது ரெட்டிட்டின் வழக்கம். அன்றைக்கு அந்த விவாதத்துக்குள் வந்த அத்தனை பேரும் படிக்க வந்ததே அந்த ஒரு விளக்கத்தைத்தான். பயனற்றதைக் களைவதற்காக வைத்த பொத்தான், எல்லோரும் தேடிவந்த ஒன்றைக் குப்பையாகக் கணக்கெழுதியது. பொத்தானில் கோளாறு இல்லை. கோபத்தைப் பதிவு செய்ய வேறு பொத்தான் இல்லை, அவ்வளவுதான்.

முந்தியவருக்கே முதல் வரிசை

இரண்டாவது சிக்கல் நேரம். ரெட்டிட் முன்பு வெளிப்படையாக வைத்திருந்த நிரலில், முகப்புப் பக்க வரிசைக்கான கணக்கு மடக்கையில் ஓடியது. முதல் 10 வாக்குகள் எவ்வளவு உயர்த்துமோ, அதே உயரத்தை மறுபடி ஏற இன்னும் 90 வாக்குகள் வேண்டும். பன்னிரண்டரை மணி நேரம் முந்திய பதிவு, புதிய பதிவோடு சமமாக நிற்கப் பத்து மடங்கு வாக்கு பெற வேண்டும். பழையது இறங்கி, புதியது ஏற வேண்டும் என்ற நியாயமான ஆசைதான். ஆனால் முதலில் வந்து நிற்கும் பத்துப் பேரின் கையில் கடிவாளம் போய்ச் சேர்ந்தது.

பின்னூட்டங்களிலும் இதே கதை நடந்ததால், 2009-இல் ரெட்டிட் வரிசை முறையை மாற்றியது. எட்வின் வில்சன் என்ற அறிஞர் 1927-இல் தந்த புள்ளியியல் சூத்திரம் அதற்குக் கைகொடுத்தது. பத்துக்குப் பத்து வாங்கிய பின்னூட்டத்தை ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் வாங்கியதோடு எப்படி ஒப்பிடுவது என்பதை அது ஓரளவு ஒழுங்காகச் சொல்லும். தாமதமாக வந்த நல்ல கருத்துக்கும் மேலே ஏற ஒரு படி கிடைத்தது. ஆனாலும் அதைப் பார்க்கவே ஆள் வராவிட்டால் எந்தச் சூத்திரமும் உதவாது.

நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இந்த ஓட்டப்பந்தயம் ஒரு கலையாகவே வளர்ந்தது. கேள்வி வந்த ஒரு நிமிடத்தில் ஒற்றை வரியில் பதிலைப் போட்டு இடத்தைப் பிடித்துவிட வேண்டும். பஸ் இருக்கையில் துண்டு போடுகிற மாதிரி. முதல் ஐந்து நிமிடத்துக்குள் செய்யும் திருத்தம், பதிலின் திருத்த வரலாற்றில் தனியாகப் பதிவாகாது. அந்த இடைவெளியில் எடுத்துக்காட்டு, விளக்கம், நிரல் துண்டு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் சோதித்துப் பார்த்து முழுப் பதிலோடு வருபவர், வாக்குகள் விழுந்து முடிந்த களத்துக்கு வந்து சேர்கிறார்.

பெயரே மூலதனம்

2008-இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, மதிப்பெண்ணை அதிகாரமாக மாற்றியது. 15 புள்ளி சேர்ந்தால் ஆதரவு வாக்கு போடலாம். 125 சேர்ந்தால் எதிர்வாக்கு. 3,000 வந்தால் கேள்வியை மூடச் சொல்லி வாக்களிக்கலாம். பிறர் பதிலுக்கு எதிர்வாக்கு போட்டால் போட்டவருக்கும் ஒரு புள்ளி குறையும். குறை சொல்பவரும் கொஞ்சம் இழக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு நுட்பமானது. குப்பைப் பதிவுகளை வாசலிலேயே நிறுத்துவதிலும் இந்தப் படிக்கட்டு பெரிதும் உதவியது.

அதே படிக்கட்டில் புதியவர் எப்படித் தடுக்கி விழுகிறார் என்றும் பார்க்க வேண்டும். பிறர் பதிவின் கீழ் கருத்து எழுத 50 புள்ளி தேவை. பதில் எழுத அது தேவையில்லை. ஒரு பதிலில் சந்தேகம் கேட்க வருகிறார் ஒரு மாணவர். கருத்துப் பெட்டி திறக்கவில்லை. பதில் பெட்டி திறக்கிறது. அதில் தன் சந்தேகத்தை எழுதுகிறார். ‘இது பதில் அல்ல’ என்று எதிர்வாக்கு விழுகிறது, பதிவும் நீக்கப்படுகிறது. அவர் செய்த குற்றம், திறந்திருந்த ஒரே கதவு வழியாக உள்ளே வந்தது. தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே தன் வலைப்பதிவில் ஒப்புக்கொண்டது.

தண்டித்தால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் பலமாக இல்லை. சி.என்.என். உள்ளிட்ட நான்கு தளங்களின் பின்னூட்டங்களை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எதிர்வாக்கு வாங்கியவர்கள் முன்பைவிட அதிகமாக எழுதினார்கள். எழுத்தின் தரமோ குறைந்தது. பிறருக்கும் எதிர்வாக்கை அள்ளி வீசினார்கள். ஆதரவு வாக்கு வாங்கியவர்களின் எழுத்தும் அதனால் மெருகேறிவிடவில்லை.

பிரித்துக் கேட்டால் பிரித்துச் சொல்வார்கள்

அப்படியானால் வாக்கே வேண்டாமா? நேர வரிசைப்படி எல்லாவற்றையும் அடுக்கினால், ஓயாமல் எழுதுகிறவரின் குரல்தான் மிஞ்சும். ஆயிரம் பின்னூட்டங்களில் எதைப் படிப்பது என்று யாரோ சொல்லித்தான் ஆக வேண்டும். எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைவிட, அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதே முக்கியம்.

1997-இல் பிறந்த ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இதை முன்பே உணர்ந்திருந்தது. அங்கே மதிப்பெண் −1 முதல் 5 வரைதான். வாக்களிப்பவர் ஏன் என்றும் சொல்ல வேண்டும்: தகவல் உள்ளது, ஆழமானது, வேடிக்கையானது, வம்புக்கு இழுப்பது. நகைச்சுவைக்கு விழும் வாக்கு, எழுதியவரின் மொத்த மதிப்பைக் காட்டும் ‘கர்மா’க் கணக்கில் சேராதபடி பின்னர் மாற்றினார்கள். எல்லோருக்கும் எப்போதும் வாக்குரிமை கிடையாது. தளத்துக்கு வழக்கமாக வருபவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில், மதிப்பெண் போட ஐந்து புள்ளிகள் கிடைக்கும். மூன்று நாளில் காலாவதியாகிவிடும். தான் பேசிய விவாதத்தில் தானே மதிப்பெண் போட முடியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முதலாம் பராந்தகன் காலக் குடவோலை முறையிலும் குலுக்கல் இருந்தது; அண்மையில் வாரியத்தில் இருந்தவர் உடனே மறுபடி வரத் தடையும் இருந்தது. அதிகாரம் ஒரே கையில் உறைந்துவிடக் கூடாது என்ற கவலை இரண்டுக்கும் பொது.

லெஸ்ராங் தளம் 2022-இல் பொத்தானையே இரண்டாகப் பிரித்தது. கருத்து தரமானதா என்பதற்கு ஒரு வாக்கு. உடன்படுகிறீர்களா என்பதற்கு வேறொரு வாக்கு. ‘தவறு, ஆனால் படிக்க வேண்டியது’ என்று சொல்ல அங்கே வழி இருக்கிறது. பிறர் பதிவுகளுக்குப் பயனர்கள் சேர்க்கும் விளக்கங்களான எக்ஸ் தளத்தின் சமூகக் குறிப்புகள் வேறொரு பாதையில் போகின்றன. வழக்கமாக முரண்படுகிறவர்கள் இரு பக்கத்திலிருந்தும் ‘உதவியானது’ என்றால்தான் குறிப்பு மேலே வரும். ஒரே கூட்டம் திரண்டுவந்து குத்தும் வாக்குக்கு அங்கே வலு குறைவு. மிகவும் பிளவுபட்ட விவகாரங்களில் பல குறிப்புகள் வெளிச்சத்துக்கே வராமல் போவது அதற்கான விலை. ஹேக்கர் நியூஸ் என்ற தளம் 2011-இல் பின்னூட்டங்களின் மதிப்பெண்ணைப் பிறர் கண்ணிலிருந்து மறைத்தது. இன்னொருவர் என்ன நினைத்தார் என்று தெரியாமல் படிக்க அது ஒரு வாய்ப்பு. ஆனால் எதிர்வாக்கு விழுந்த பின்னூட்டத்தின் எழுத்துகள் அங்கே சாம்பல் நிறத்தில் மங்கிப்போகும். எண்ணை மறைத்தவர்கள் நிறத்தில் தீர்ப்பை எழுதிவிட்டார்கள்.

விவாத மேடை அமைப்பவர்கள் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அதிகம் செலவில்லாதது: முதல் சில மணி நேரம் மதிப்பெண்ணைக் காட்டாதீர்கள், தரத்தையும் உடன்பாட்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், புதியவருக்குச் சந்தேகம் கேட்கும் உரிமையைப் புள்ளிக்குப் பின்னால் பூட்டாதீர்கள்.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. முச்னிக் குழுவின் சோதனையில் முதல் வாசகரை நகர்த்தியது வாதமோ ஆதாரமோ அல்ல, யாரோ குலுக்கல் போட்டு ஒட்டிய ஓர் எண். அடுத்த முறை அம்பை அழுத்தப் போகும்போது, அந்த எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு பின்னூட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். சாம்பலாகிக் கிடப்பதையும் சேர்த்துத்தான்.