இரவல் மூக்கு

ஏழாம் வகுப்பு மாணவி அவள். நண்பகல் மணி அடித்ததும் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். தாய் தன் கையால் அரைத்த மசாலாவைத் தடவிப் பொரித்த சங்கரா மீன் துண்டுகள் இரண்டு. அவ்வளவுதான்! "வெளியே கொண்டுபோய்த் தின்! ஒரே நாற்றம்!" என்று சீறினார் ஓர் ஆசிரியர். சிறுமி எழுந்தாள், வேப்பமரத்தடிக்குப் போனாள், உண்ணாமலே பெட்டியை மூடினாள். அருகிலிருந்த நான் வாய் திறந்தேனா? இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அன்று பேசாத வாய்க்குத் தண்டனையாக இன்று பேனா பேசுகிறது.

நாற்றம் என்கிறார்களே, அது என்ன? பாவத்தின் வாடையா? பிறப்பின் முத்திரையா? இரண்டுமில்லை, தோழர்களே! கடல்மீன் இறந்தபின், நுண்ணுயிர்களின் செயலால் அதன் உடலில் டிரைமெத்தில் அமீன் என்னும் பொருள் உண்டாகிறது. எளிதில் காற்றோடு கலப்பதால் அது மூக்கைத் தொடுகிறது. புளிப்புப் பட்டால் உப்பாக மாறி, காற்றில் பறக்கும் ஆற்றலை இழக்கிறது. வேதியியல் ஏடு புரட்டாத நம் தாய்மார் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்தனர். கல்லுப்பு இட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுகின்றனர். இருபுறமும் கத்தியால் கீறுகின்றனர். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள் சேர்த்து அரைக்கின்றனர். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ கலந்து, கீறலுக்குள் இறங்கத் தடவுகின்றனர். அரைமணி ஊறவிட்டுக் கல்லில் பொரிக்கின்றனர். மந்திரம் இல்லை, மாயம் இல்லை. அறிவு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது!

அறிவு அடக்கிவிட்ட வாடை, ஆசாரத்தின் மூக்கில் மட்டும் ஏன் நிற்கிறது? மரபு என்பர். எந்த மரபு? மீன் கொடுத்து நெல் பெற்ற செய்தி புறநானூற்றிலே உண்டு. நாற்றம் என்ற சொல்லே பண்டைத் தமிழில் நறுமணத்தைக் குறித்தது! மசாலாவைச் சிவக்கவைக்கும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தபின், போர்த்துகீசியர் வழியே இங்கு நுழைந்தது. கடல் கடந்து வந்த அதனிடம் குலம் கேட்கவில்லை. ஆசார அடுக்களைகளும் அதை அணைத்துக் கொண்டன. நம் கடலிலே பிறந்து நம் கரையிலே ஏறிய மீனுக்கு மட்டும் வாசலிலே தடை! வந்ததற்கு வரவேற்பு, இருந்ததற்கு விலக்கு. இதுவா மரபு?

"அசைவம்" என்ற பெயரைப் பாருங்கள். சைவம் அல்லாதது என்பதே பொருள். 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறையின் அடிப்படை ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். மூவருக்கும் குறைவானோர் உண்பது உணவு. மற்றெல்லோரும் உண்பது அதன் மறுப்பு! பெரும்பான்மையின் தட்டுக்குச் சிறுபான்மையின் இலையை அளவுகோலாக்கியது எது? இன்னது உயர்ந்தோர் உணவு, இன்னது தாழ்ந்தோர் உணவு என்று வகுத்த சாதியன்றோ!

அதனினும் வேதனை ஒன்று கேளுங்கள். அன்று மூக்கைச் சுளித்த ஆசிரியர் மரக்கறி உண்பவர் அல்லர். ஞாயிறுதோறும் வஞ்சிரம் வாங்குபவர்! வீட்டிலே சொந்த நாக்கு. வெளியிலே இரவல் மூக்கு!

மீன் பிடிக்காதவர் உண்ண வேண்டா. அது அவர் உரிமை. தம் நாவின் வெறுப்பை ஒரு குழந்தையின் தலையிலே இழிவாகச் சுமத்த மட்டும் எவருக்கும் உரிமையில்லை. சத்துணவில் முட்டை பரிமாறும் பள்ளியிலே, ஒரு துண்டு மீனுக்கா இடமில்லை?

நாளை நானும் மீன் கொண்டு செல்வேன். வேப்பமரத்தடியில் அல்ல, அந்தச் சிறுமியின் அருகே, வகுப்பறையிலேயே அமர்ந்து உண்பேன். இளைஞர்களே, நீங்களும் உங்கள் பெட்டியைக் கூச்சமின்றித் திறவுங்கள்! மீனின் வாடைக்குப் புளி போதும். மூக்கிலே ஏறிய சாதிக்கு உங்கள் துணிவுதான் மருந்து!