சீழ்க்கை ஒரு நற்சான்றா?

நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1913 மே 29. பாரீஸ். அந்த வசந்தத்தில்தான் திறக்கப்பட்டிருந்த ஷான்ஸ்-எலிஸே தியேட்டர். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' பாலே அரங்கேறுகிறது. சபையில் கூச்சல், சீழ்க்கை, கைகலப்பு. வாத்தியக் குழு வாசிப்பது ஆடுபவர்களின் காதில் விழவில்லை. நடனத்தை அமைத்த நிஜின்ஸ்கி மேடை ஓரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று தாளக் கணக்கைக் கத்திக்கொண்டிருக்கிறார். இன்றோ அது இருபதாம் நூற்றாண்டு சங்கீதத்தின் மகத்தான சிருஷ்டிகளில் ஒன்று. ஆகவே (இந்த இடத்தில் கதை சொல்பவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்) எங்களையும் இன்று யாரும் சட்டை செய்வதில்லை, சிலர் ஏசவும் செய்கிறார்கள்; காலம் தீர்ப்புச் சொல்லும்.

இந்த 'ஆகவே'யைத்தான் நான் மறுக்கிறேன். இதைவிட சௌகரியமான தர்க்கம் ஒரு எழுத்தாளனுக்குக் கிடைக்காது. தன் எழுத்தைத் திரும்பப் படித்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

முதலாவதாக, காலம் என்று இவர்கள் சொல்வது ஓராண்டுகூட இல்லை. 1914 ஏப்ரல் 5 அன்று, அதே பாரீஸில், அதே மோன்தேயின் தலைமையில், நடனம் இல்லாமல் சங்கீதம் மட்டும் கச்சேரியாக வாசிக்கப்பட்டது. ஸ்ட்ராவின்ஸ்கியை ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவதாக, காலம் எதைக் காப்பாற்றியது? தாளில் எழுதப்பட்டிருந்த சங்கீதத்தை. நிஜின்ஸ்கியின் நடனம் பாரீஸிலும் லண்டனிலும் ஒரு சில தடவை ஆடப்பட்டு மறைந்தது. சித்திரங்களையும் குறிப்புகளையும் ஆடியவர்களின் ஞாபகத்தையும் வைத்து அதை 1987இல் ஜோஃப்ரி பாலே குழு மறுபடி அமைத்துப் பார்த்தது. அதற்குள் எழுபத்து நான்கு வருஷம். அன்று சபை கூச்சலிட்டது சங்கீதத்தைப் பார்த்தா நடனத்தைப் பார்த்தா என்பதே இன்றும் விவாதத்துக்குரியது. ஒரே இரவில் ஒரே சீழ்க்கையை வாங்கிய இரண்டில் ஒன்று தோளில் ஏறியது, மற்றது தொலைந்தது. காலத்துக்கு ரசனை என்று ஒன்று கிடையாது.

இதே 1913இல் இன்னொரு வசந்தம் இருந்தது. அதை நம்மவர்கள் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் தோளில் தூக்கும் காட்சி இல்லை. மார்ச் 31, வியன்னா, மூஸிக்ஃபெரைன் மண்டபம். ஷோன்பெர்க் தலைமையில் வெபர்ன், ஸெம்லின்ஸ்கி, ஷோன்பெர்க், ஆல்பன் பெர்க் ஆகியோரின் படைப்புகள். கடைசியில் மாலரின் பாடல்கள். பெர்க் எழுதியிருந்த ஐந்து பாடல்களில் இரண்டை எடுத்துக்கொண்டபோது சபை வெடித்தது. அடிதடி, போலீஸ். அமைப்பாளர்களில் ஒருவர் ஒரு ரசிகரை அறைந்த விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. மாலரை எட்டாமலே கச்சேரி முடிந்தது. பெர்க்கின் அந்த ஐந்து பாடல்களும் முழுமையாகப் பாடப்பட்டது 1953இல், ரோமில். பெர்க் இறந்தது 1935இல். தன் பாடல்களைத் தானே முழுசாகக் கேட்காமல் போனார். இத்தனைக்கும் அவர் புறக்கணிக்கப்பட்ட கலைஞர் இல்லை. அவருடைய 'வோட்ஸெக்' ஓபரா 1925இல் பெர்லினில், எரிக் கிளைபர் நீண்ட ஒத்திகைகள் நடத்தி மேடையேற்றி, ஜெயித்தது; 1930இல் அதே வியன்னாவின் அரசு ஓபரா அரங்குக்கும் வந்தது. ஓபரா வந்தது, பாடல்கள் வரவில்லை. இரண்டையும் எழுதியது ஒரே கைதான்.

சீழ்க்கை எதையும் நிரூபிப்பதில்லை என்பதற்கு இன்னும் பழைய சாட்சி வேண்டுமானால் 1861 மார்ச்சைப் பார்க்கலாம். வாக்னரின் 'டான்ஹாய்ஸர்' பாரீஸ் ஓபராவில். நூற்றுக்கும் மேற்பட்ட ஒத்திகைகள். ஜாக்கி கிளப் கனவான்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் அங்கத்துக்கு வந்து சேருவது வழக்கம். பாலே அப்போதுதான் வரவேண்டும் என்பது அரங்கின் சம்பிரதாயம். வாக்னர் அதை முதல் அங்கத்தில் வைத்துவிட்டார். கனவான்கள் ஊதல்களோடு வந்தார்கள். மூன்றாவது நாளுக்குப் பிறகு படைப்பு எடுக்கப்பட்டுவிட்டது. இதில் வாக்னரின் கலையைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருக்கிறது? சாப்பாட்டு நேரத்தைப் பற்றித்தான் இருக்கிறது. 'பருவம்' என்பது அன்றைக்கு அதுதான்: யார் வந்திருக்கிறார்கள், யாரோடு வந்திருக்கிறார்கள், எப்போது எழுந்து போனார்கள் என்று பார்க்க ஒரு இடம், சங்கீதம் அதற்கு ஒரு நிமித்தம்.

இன்று அந்தச் சபை மாறிவிட்டது. விளக்கை அணைத்து, தாமதமாக வருபவரை வெளியே நிறுத்தி, நான்கு பகுதிகளுக்கு நடுவில் கைதட்டக்கூடாது என்று பழக்கி, ஐரோப்பிய ரசிகனை மௌனமாக உட்கார வைத்துவிட்டார்கள். 1876இல் பைராய்த்தில் வாக்னரும், பிறகு வியன்னாவில் மாலரும் இதற்காகப் போராடியது நியாயமே. ஆனால் இந்த மௌனம் இன்று கேட்பதன் மௌனமாக இருக்கிறதா என்பது கேள்வி. நிகழ்ச்சி நிரலின் தொடக்கத்தில் பத்து நிமிஷத்துக்குப் புதிய படைப்பு ஒன்று, பிறகு ஒரு கன்செர்ட்டோ, இடைவேளை, பிராம்ஸ். புதியதற்கும் மரியாதையான கைதட்டல் விழுகிறது, இசையமைப்பாளர் மேடையேறி வணங்குகிறார், அத்தோடு சரி. உலக அரங்கேற்றம் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது வாசிப்பு கிடைப்பதுதான் கடினம். சீழ்க்கை அடித்தவனுக்காவது ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும்.

ஷோன்பெர்க் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். 1918இல் வியன்னாவில் தனி அரங்கேற்றங்களுக்கான ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். உறுப்பினர்களுக்கு மட்டும் அனுமதி. பத்திரிகை விமர்சகர்கள் கிடையாது. கைதட்டக்கூடாது, சீழ்க்கையும் கூடாது. என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். இதைக் கேட்டதும் நம்மவர்களுக்குப் பெருமையாக இருக்கும்: நாமும் அப்படித்தானே, கதவைச் சாத்திக்கொண்டு முன்னூறு பேர்! மிச்ச விதிகளையும் படிக்க வேண்டும். போதுமான ஒத்திகை இல்லாமல் எதுவும் மேடைக்கு வராது. ஒரு தடவை வாசித்ததை மறுபடியும் வாசிப்பார்கள், புரியும்வரை. யுத்தத்தில் எதிரி தேசமாக இருந்த பிரான்ஸின் தெபுஸ்ஸிக்கு அங்கே இடம் இருந்தது. ஷோன்பெர்க் தொடக்க காலத்தில் தன் சொந்தப் படைப்புகளை அங்கே வாசிக்க அனுமதிக்கவில்லை. நம் பத்திரிகைகளின் முதல் இதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு இந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி படிக்கலாம்.

சங்கம் 1921இல் பணவீக்கத்தில் மூழ்கியது. அந்த மே மாதம் 27ஆம் தேதி நிதி திரட்ட ஒரு கச்சேரி: யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ்களை ஷோன்பெர்க், பெர்க், வெபர்ன் மூவரும் சிறு குழுவுக்கு மாற்றி எழுதி, தாங்களும் உட்கார்ந்து வாசித்து, கைப்பிரதிகளை ஏலம் விட்டார்கள். வியன்னாவின் மிகப் பிரபலமான, எல்லோருக்கும் பிடித்த சங்கீதம். அதைத் தொட்டதால் அவர்கள் தீட்டுப்பட்டதாக நினைக்கவில்லை. பிரபலமான எதையும் கண்டு முகம் சுளிப்பதே இலக்கியப் பிரக்ஞை என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

மறுபடி கேட்பது என்பது பழசைக் கட்டிக்கொண்டு அழுவது அல்ல. ப்ராக் நகரத்தின் வசந்த விழா 1946இல் தொடங்கியது. ஸ்மெடானா இறந்த நாளான மே 12இல் அவருடைய 'என் தாய்நாடு' தொகுதியோடு தொடங்குவது அதன் வழக்கம். வருஷா வருஷம் அதேதான் என்று அலுத்துக்கொள்ளலாம். ஆனால் 1948இல் நாட்டை விட்டுப் போன ரஃபேல் குபெலிக் 1990இல் திரும்பி வந்து அதை நடத்தியபோது, சபை பல தடவை கேட்டு வைத்திருந்ததால்தான் அந்த வாசிப்பின் கனம் அதற்குத் தெரிந்தது. முதல்முறை கேட்பவனுக்கு அது கிடைத்திருக்காது.

நமக்கு அந்த அரங்குகள் தூரம். இசைத்தட்டிலும் இப்போது இணையத்திலும்தான் கேட்கிறோம். அதனாலேயே திரும்பக் கேட்பது நமக்குச் சுலபம். அந்தச் சுலபத்தை நம் எழுத்து விஷயத்தில் பயன்படுத்தியிருக்கிறோமா? நாம் வெளியிட்ட எந்தக் கவிதையைப் பற்றி இரண்டாவது தடவை எழுதியிருக்கிறோம்? ஒரு இதழில் அச்சாகிறது, இரண்டு கடிதம் வருகிறது, அடுத்த இதழில் அடுத்த கவிதை. வெளியே உள்ளவன் படிக்கவில்லை என்று குறைப்படுகிறோம். உள்ளே இருப்பவன் ஒரே தடவைதான் படித்திருக்கிறான்.

அடுத்த இதழுக்கு என் யோசனை இது. புதிய கவிதை எதுவும் வேண்டாம். பத்து வருஷத்துக்கு முன் இங்கே வந்த ஒரே ஒரு கவிதையை மறுபடி அச்சிடுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர் எழுதியதாக இருக்கக்கூடாது. அதைப் பற்றி மூன்று பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், எழுதட்டும். மூன்று பேர் கிடைக்கவில்லை என்றால் அதையும் அச்சிடுங்கள்.