வெள்ளிக்காசின் கருமை

விக்டோரியாவின் உருவம் தாங்கிய, 1862 எனப் பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்று இன்றும் புத்தம்புதிதாய்ப் பளபளத்தால், நாம் மகிழுமுன் ஐயுறவேண்டும். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாலான காசு அது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டுக் கறுப்பது வெள்ளியின் இயல்பு. பல கைகளில் புழங்கித் தேய்ந்த முகத்தில் ஒளி மட்டும் எப்படிப் புதிதாயிருக்கும்?

ஒற்றை விளக்கின்கீழ் காசைச் சாய்த்துப் பார்ப்போம். துணியோ திருநீறோ கொண்டு தேய்த்திருந்தால் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் மின்னும். பரப்பு வெளுத்திருக்க, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கருமை தங்கியிருக்கும். அமிலத்தில் முக்கிய காசில் கீறல் இராது. ஆனால் புழங்காத காசைச் சாய்க்குந்தோறும் சக்கர ஆரங்கள்போல் சுழன்றோடும் ஒளி அதில் மங்கியிருக்கும்.

நம் இல்லங்களில் பூசைக்காகத் துலக்குகிறோம். விற்பவர் விலைக்காகத் துலக்குகிறார். நோக்கம் வேறாயினும் இழப்பு ஒன்றே: தேய்ந்துபோன வெள்ளி மீள்வதில்லை. சேகரிப்போரிடம் விலையும் குறைகிறது. பழமையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், பழையது பழையதாகத் தோன்றுவதை மட்டும் ஏனோ பொறுப்பதில்லை. முன்னோர் வைத்துச்சென்ற காசை விளிம்பில் பிடித்துப் பார்த்துவிட்டு, கறுத்தபடியே திரும்ப வைப்போம். அதுவே நாம் அதற்குச் செய்யும் மரியாதை.